முகவரியற்ற பயணம் – 11: வளாகத்துக்குள் வந்த சர்வர்

முகவரியை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் நெட்வொர்க் 2003 அக்டோபரில் எல்லாருக்குமாகத் திறந்தபோது அதைத் தாங்கி நின்றவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கணினிகள்தான். அந்த ஆண்டு முடியும்போது ஏறக்குறைய ஒரு டஜன். பெரும்பாலும் அமெரிக்காவில், ஒன்று மட்டும் ஜெர்மனியில். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் மூவரும் 1990-களின் நடுவில் தொடங்கிய வேலை, எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு வந்த ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் ஆகியோரின் கைக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். கடற்படை தன் சொந்தக் கண்டுபிடிப்பை ஏன் ஊருக்கெல்லாம் திறந்துவிட்டது என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன்.

கடற்படைக்காரர்கள் மட்டும் பயன்படுத்தும் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இணைப்பு ஒன்று வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அனுப்பியவர் கடற்படைக்காரர் என்று கண்டுபிடிக்க எந்த உளவாளியும் சிரமப்பட வேண்டியதில்லை. சங்கேதக் கணக்கு எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஆளை மறைக்கக் கூட்டம் வேண்டும். மாணவர், நிருபர், அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்த பெண், தன் நோயைப் பற்றி யாருக்கும் தெரியாமல் படிக்க விரும்புகிறவர், துப்புத் துலக்கும் போலீஸ் அதிகாரி என்று எல்லாரும் ஒரே வழியில் நடந்தால்தான் அவர்களில் யாரையும் தனியே பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் மென்பொருள் இலவசமாக, மூலநிரலோடு வெளிவந்தது. அதே காரணத்தால் சர்வர்களும் ஒரே கையில் இருக்கக் கூடாது. ஹெல்சின்கியில் யோஹான் ஹெல்சிங்கியஸ் தனியொருவராக நடத்திய, மின்னஞ்சலில் அனுப்பியவரின் பெயரை மறைத்துத் தந்த பெனட் சர்வர் 1996-ல் மூடப்பட்ட கதை நினைவிருக்கும். ஒரே ஆளிடம் எல்லாம் இருந்தால் வழக்குப் போடுகிறவர் அவர் ஒருவர் மீது போட்டாலே போதும்.

ஆக, சர்வரைத் தானமாகத் தருகிறவர்கள் பலர் வேண்டியிருந்தது. இரவு பகல் அணையாத கணினியும், மாறாத முகவரியும், தாராளமான இணைய வேகமும் 2003-ல் யாரிடம் இருந்தன? வீடுகள் அப்போதுதான் டயல்-அப்பிலிருந்து மீண்டுகொண்டிருந்தன. நிறுவனங்களிடம் எல்லாம் இருந்தன, ஆனால் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் எதற்காக முகம் தெரியாதவர்களின் போக்குவரத்தைச் சுமக்கப்போகிறது? மிச்சம் இருந்தவை பல்கலைக்கழகங்கள். எம்.ஐ.டி.யை மட்டும் எடுத்துக்கொண்டால், 18 என்று தொடங்கும் இணைய முகவரிகள் மொத்தமும், அதாவது ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்டவை, அந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கே அன்று ஒதுக்கப்பட்டிருந்தன. சில நாடுகளுக்குக்கூட அவ்வளவு கிடையாது.

எம்.ஐ.டி.யின் கணினி ஆய்வகத்தில் டிங்கிள்டைன் நடத்திய ஒரு கணினிக்கு ‘மோரியா1’ என்று பெயர். அது இன்றைக்கும் டோர் நெட்வொர்க்கின் அச்சாணிகளில் ஒன்று. உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களைத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். அவற்றில் எது உயிரோடு இருக்கிறது, எது நம்பத்தக்கது என்ற பட்டியலை யாராவது பராமரிக்க வேண்டும். மோரியா1 உட்பட ஒன்பது பட்டியல் சர்வர்கள் மணிக்கு ஒரு முறை தங்களுக்குள் வாக்களித்து, பெரும்பான்மை ஒப்புக்கொண்ட பட்டியலைக் கையெழுத்திட்டு வெளியிடுகின்றன. உங்கள் கணினியில் உள்ள டோர் அந்தப் பட்டியலை எடுத்து, அதிலிருந்து மூன்று சர்வர்களைத் தானே தேர்ந்தெடுத்து ஒரு பாதை போடுகிறது.

உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை என்று கடிதம் அனுப்புவதுபோலத்தான் இது நடக்கிறது. முதல் சர்வருக்கு உங்கள் முகவரி தெரியும், நீங்கள் போகும் இடம் தெரியாது. நடுவில் உள்ளதற்கு இரண்டும் தெரியாது. கடைசிச் சர்வருக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. இந்தக் கடைசிச் சர்வரை ‘எக்ஸிட்’ என்பார்கள். நம்முடைய கதை முழுக்க இந்த எக்ஸிட்டைச் சுற்றியே வரப்போகிறது. ஏனென்றால் வெளியுலகத்தின் கண்ணுக்குத் தெரிவது அதன் முகவரி ஒன்றுதான். ஒருவர் டோர் வழியாக நல்ல கட்டுரை படித்தாலும் சரி, இன்னொருவர் மிரட்டல் கடிதம் எழுதினாலும் சரி, எதிர்ப்பக்கத்தில் பதிவாவது எக்ஸிட்டை நடத்துகிறவரின் முகவரி. போலீஸ் வந்தால் அவர் வாசலுக்குத்தான் வரும்.

அப்படி வரும்போது ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்யும்? டோர் எல்லாருக்குமாகத் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே ஒரு பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சோதனை வந்துவிட்டது.

டிரெஸ்டன், ஜெர்மனியின் கிழக்கே எல்ப ஆற்றங்கரையில் உள்ள நகரம். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி, மக்களின் தபால்களை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டி அனுப்பிய நாட்கள் அங்கே வயதானவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 1989 டிசம்பரில் மக்கள் திரண்டுபோய் ஸ்டாசியின் மாவட்டத் தலைமையகத்துக்குள் புகுந்த ஊர் அது. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆன்ட்ரியாஸ் ஃபிட்ஸ்மானின் குழு, கணினி அறிஞர் டேவிட் சௌம் 1981-ல் எழுதிய, பலரின் செய்திகளைக் கலந்து அனுப்பியவரை மறைக்கும் கலவைச் சர்வர் யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. திட்டத்தின் பெயர் ‘அனான்’. பயனர்கள் தங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளுக்கு ‘ஜாப்’ என்று பெயர். ஜெர்மனியின் பொருளாதார அமைச்சகம் அதற்குப் பணம் கொடுத்தது. கீல் நகரிலிருந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் அதில் பங்காளி. அரசுப் பணத்தில், அரசு அலுவலகம் ஒன்றின் துணையோடு, குடிமக்களை அரசின் கண்ணிலிருந்தும் மறைக்கும் சேவை ஒன்றை ஒரு பல்கலைக்கழகம் நடத்தியது. ஸ்டாசியை அனுபவித்த ஒரு சமூகம்தான் இதன் அருமையை உணர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2003 ஜூலையில் ஜெர்மனியின் மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறை பிராங்க்பர்ட் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கியது. ஒரு குறிப்பிட்ட இணைய முகவரிக்கு அனான் வழியாகப் போகிறவர்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்றது உத்தரவு. குழு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் மேல்முறையீடு முடியும்வரை உத்தரவு உயிரோடு இருந்தது. அதனால் சர்வரின் நிரலில் பதிவுசெய்யும் பகுதி ஒன்றை எழுதிச் சேர்த்தார்கள். வெளியே சொல்லவில்லை.

அவர்களுடைய மூலநிரல் எப்போதும் திறந்தே இருந்தது. ஆகஸ்டில் அதைப் படித்துப் பார்த்த ஒரு பயனரின் கண்ணில் ஒரு வரி பட்டது. ‘லோடிங் கிரைம் டிடெக்‌ஷன் டேட்டா’ என்று ஒரு அறிவிப்பை அச்சிடச் சொல்லும் வரி. குற்றம் கண்டறியும் தரவு ஏற்றப்படுகிறது என்று பொருள். பதிவேடு வைக்க மாட்டோம் என்ற சொல்லை நம்பி வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

ஆகஸ்ட் கடைசியில் பிராங்க்பர்ட்டின் மேல்நிலை நீதிமன்றம் அந்தப் பதிவு உத்தரவை நிறுத்திவைத்தது. பதிவும் நின்றது. அதுவரை சேர்ந்திருந்தது ஒரே ஒரு பதிவு. ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, அதிகாரிகள் வேறொரு காகிதத்தோடு வந்தார்கள். இந்த முறை தேடுதல் வாரண்ட். நிறுத்திவைக்கப்பட்ட உத்தரவின்படி சேர்ந்த அந்த ஒற்றைப் பதிவைத் தரச் சொன்னார்கள். தராவிட்டால் கணினிகளை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். பல்கலைக்கழகம் கொடுத்துவிட்டது. அதன்பின் சில மாதங்களுக்குள், பதிவுசெய்யச் சொன்ன உத்தரவும் சட்டப்படி செல்லாது, தேடுதலும் செல்லாது என்று அதே மேல்நிலை நீதிமன்றம் சொன்னது. போன பதிவு போனதுதான்.

அந்தக் குழு செய்ததில் எனக்கு ஒப்பாதது அவர்களுடைய மௌனம். ஆனால் மூலநிரலை மூடாமல் இருந்ததும், நீதிமன்றத்தில் கடைசிவரை நின்று வென்றதும் அவர்கள்தான். ஒரு தனியாள் அந்தச் சர்வரை நடத்தியிருந்தால் ஜூலையிலேயே எல்லாம் முடிந்திருக்கும். வழக்கறிஞர் வைக்கவும், மேல்முறையீடு செய்யவும், மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தைத் துணைக்கு அழைக்கவும் ஒரு நிறுவனத்தின் பலம் தேவைப்பட்டது.

இன்னொன்றும் இதில் தெரிந்தது. அனானின் பாதைகள் நிலையானவை. ஒரே வரிசையில் கோத்த சில சர்வர்கள், அவற்றை நடத்துகிறவர்களும் ஒருசில நிறுவனங்களே. அவர்களுக்கு உத்தரவு போட்டால் பாதை முழுவதும் கைக்கு வந்துவிடும். டோரில் பாதையைத் தேர்ந்தெடுப்பது பயனரின் கணினி. மூன்று சர்வர்களும் மூன்று நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரிடம் இருக்கலாம். எக்ஸிட்டை நடத்துகிறவரிடம் எந்த நீதிபதி கேட்டாலும், அனுப்பியவர் யாரென்று சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது.

இதைப் போலீஸுக்குப் புரியவைப்பது வேறு வேலை. 2017-ல் மாஸ்கோவில் நடந்ததைக் காலவரிசை மீறி இங்கேயே சொல்லிவிடுகிறேன். திமித்ரி போகதோவ், மாஸ்கோ நிதி மற்றும் சட்டப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த இளைஞர். அவர் தன் வீட்டிலேயே ஒரு டோர் எக்ஸிட் நடத்திவந்தார். கலவரத்துக்குத் தூண்டும் பதிவுகளை யாரோ டோர் வழியாக எழுத, எதிர்ப்பக்கத்தில் போகதோவின் வீட்டு முகவரி பதிவானது. அந்த நேரத்தில் அவர் மனைவியோடு கடையில் இருந்ததைக் கண்காணிப்புக் கேமரா காட்டியது. அப்படியிருந்தும் ஏப்ரலில் சிறைக்குப் போனவர் ஜூலை கடைசியில்தான் வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டார். 2018 மே மாதம் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்கள். அவர் உள்ளே இருந்த நாட்களில் உலகெங்கும் எக்ஸிட் நடத்துகிறவர்கள் தங்கள் சர்வர்களுக்கு ‘ஃப்ரீபோகதோவ்’ என்று பெயர் மாற்றி வைத்தார்கள். டோர் மென்பொருளை எழுதியவர்கள் எக்ஸிட்டை வீட்டில் நடத்தாதீர்கள் என்று பல ஆண்டுகளாகக் கெஞ்சிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான். நடத்துவதானால் ஒரு நிறுவனத்தின் பெயரில், முடிந்தால் ஒரு பல்கலைக்கழகத்தில் நடத்துங்கள் என்றார்கள்.

அப்படி நடத்தியவர்களும் பெருகினார்கள். எம்.ஐ.டி.யின் கணினி ஆய்வகம் தன் எக்ஸிட்டை ஒளித்து வைக்கவில்லை, அதன் பெயரிலேயே ‘டோர்-எக்ஸிட்’ என்ற சொல் இருந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மாணவர் மன்றம் ஒன்றை நடத்தியது. முன்பு மான்ட்ரியலில், டோரைப் போலவே பயனரை மறைத்த ‘ஃப்ரீடம்’ நெட்வொர்க்கை உருவாக்கியவர்களில் ஒருவரான இயான் கோல்ட்பெர்க் பின்னாளில் பேராசிரியராக வந்து சேர்ந்தது அதே வாட்டர்லூவில்தான். டென்மார்க்கில் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்ட ‘டாட்சோர்ஸ்’ என்ற தொண்டர் குழு, திறந்த மென்பொருள்களை உலகுக்கு வழங்கிவந்த அதே இடத்தில் எக்ஸிட்களையும் நடத்தியது.

வளாகத்தில் எக்ஸிட் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எங்கோ ஓர் ஊரில் ஒரு சர்வரை யாரோ டோர் வழியாகக் குடைகிறார்கள். அந்தச் சர்வரின் பொறுப்பாளர் எதிர்முகவரி யாருடையது என்று பதிவேட்டில் தேடுகிறார். பல்கலைக்கழகத்தின் பெயர் வருகிறது. புகார் மின்னஞ்சல் வளாகக் கணினி மையத்துக்குப் போகிறது. அங்கே இருப்பவருக்கு இது எந்தத் துறையின் கணினி என்று தெரியாது, டோர் என்றால் என்னவென்றும் தெரியாமல் இருக்கலாம். வைரஸ் பிடித்த கணினி என்று நினைத்து அவர் இணைப்பைத் துண்டித்துவிடுவார். வேலை முடிந்தது. பேராசிரியருக்கு மறுநாள்தான் தெரியவரும்.

இதனால் அனுபவசாலிகள் ஒரு வழக்கத்தை உருவாக்கினார்கள். எக்ஸிட்டுக்குத் தனி முகவரி, அந்த முகவரிக்குத் தனிப் புகார்ப் பெட்டி. அந்த முகவரியை யாராவது பிரவுசரில் அடித்துப் பார்த்தால், இது ஒரு டோர் எக்ஸிட், இங்கே எந்தப் பதிவேடும் இல்லை, நடத்துகிறவர் இன்னார் என்று விளக்கும் ஒரு பக்கம் திறக்கும். குப்பை மின்னஞ்சல் அனுப்பும் வாசலான 25-ஆம் போர்ட்டை டோர் முதலிலிருந்தே மூடி வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வரை இயக்குவதற்கு முன்பே கணினி மையம், சட்டப் பிரிவு, நூலகம் மூன்றிலும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

நூலகம் எதற்கு என்று கேட்கலாம். பலரும் தடுக்கி விழுந்த இடம் அதுதான். ஆய்விதழ்களைப் பல்கலைக்கழகங்கள் பெரும் தொகை கொடுத்துச் சந்தா கட்டி வாங்குகின்றன. வளாகத்துக்குள் இருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே அவற்றைப் படிக்கலாம். வருகிறவரின் இணைய முகவரி அந்தப் பல்கலைக்கழகத்தின் வரிசையில் இருந்தால் போதும், பதிப்பாளரின் சர்வர் உள்ளே விட்டுவிடும். அந்த வரிசையிலேயே ஒரு எக்ஸிட் இருந்தால்? உலகத்தில் யார் டோர் வழியாக வந்தாலும் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே பதிப்பாளருக்குத் தெரிவார். ஏழை நாட்டு ஆய்வாளருக்கு அது வரப்பிரசாதமாக இருந்திருக்கலாம். ஆனால் பதிப்பாளர் வளாகம் முழுவதையும் தடை செய்துவிட்டால் முதலில் தவிப்பது அங்குள்ள மாணவர்கள். அதனால் பதிப்பாளர்களுக்குக் கொடுத்த பட்டியலில் இல்லாத, தள்ளிய ஒரு முகவரியை எக்ஸிட்டுக்குத் தர வேண்டும். சின்ன ஏற்பாடுதான். ஆனால் அதை யோசிக்காமல் விட்டால் அந்த ஒரு தவறே சர்வரை மூட வைத்துவிடும்.

எல்லா வளாகமும் இப்படி உட்கார்ந்து பேசியது என்று சொல்ல முடியாது. ஓஹாயோவின் பௌலிங் கிரீன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் செசரீனி என்ற உதவிப் பேராசிரியர் சர்வர் எதுவும் நடத்தவில்லை. இணையமும் சமூகமும் பற்றிப் பாடம் எடுத்தவர், அதற்காகத் தன் அலுவலகக் கணினியில் டோரைப் பயன்படுத்திப் பார்த்தார், அவ்வளவே. ஒருநாள் அவர் அறை வாசலில் வளாக நெட்வொர்க் பாதுகாப்பு ஊழியர் ஒருவரும் இரண்டு துப்பறியும் போலீஸ்காரர்களும் வந்து நின்றார்கள். டோரைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னார்கள், வகுப்பில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அவர் அந்த அனுபவத்தை 2007 பிப்ரவரியில் உயர்கல்விக்கான ஒரு முன்னணி இதழில் கட்டுரையாக எழுதிவிட்டார். கற்பிக்க வேண்டாம் என்று கேட்பதற்கு ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆள் வந்தது என்னை இன்றும் உறுத்துகிறது. போலீஸ்காரர்களுக்கு அவர்களுடைய வேலை இருந்திருக்கும். உடன் வந்தவர் வளாகத்தின் ஊழியர்.

அதே 2007-ல் இந்தியாவையும் தொட்ட ஒரு சம்பவம் நடந்தது. சுவீடனின் டான் எகெர்ஸ்டாட் என்ற பாதுகாப்பு ஆலோசகர் ஐந்து எக்ஸிட்களை நடத்தி, அவற்றின் வழியே போவதைக் கவனித்தார். உறைகள் மூன்றையும் பிரித்தபின் கடைசியில் வெளியே போவது, பயனர் தனியாக என்கிரிப்ஷன் போடாவிட்டால், திறந்த கடிதம்தான். ஆகஸ்டில் அவர் ஏறக்குறைய நூறு மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். பல நாடுகளின் தூதரகங்கள், அரசு அலுவலகங்கள் அதில் இருந்தன. இந்தியத் தூதரகங்களின் கணக்குகளும் இருந்தன. எக்ஸிட்டை நடத்துகிறவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று பலருக்கும் உறைத்தது அப்போதுதான்.

பல்கலைக்கழகத்தை நம்பலாம் என்று சொன்னவர்களுக்கு அடுத்த ஆண்டே ஒரு அதிர்ச்சி. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஒரு டோர் சர்வரை நடத்தி, அதன் வழியே போன ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் 150 பைட்டுகளைப் பதிவுசெய்திருந்தார்கள். டோரில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். தெரிந்தும் கொண்டார்கள். இணைப்புகளில் 92 சதவீதத்துக்கு மேல் சாதாரண இணையப் பக்கங்கள். எண்ணிக்கையில் மூன்று சதவீதமே இருந்த, கோப்புகளைப் பகிரும் பிட்டோரன்ட், மொத்தப் போக்குவரத்தில் 40 சதவீதத்தை விழுங்கியது. 2008 ஜூலையில் பெல்ஜியத்தின் லூவன் நகரில் தனியுரிமை ஆய்வாளர்கள் கூடிய மாநாட்டில் இந்தக் கட்டுரை படிக்கப்பட்டபோது, முடிவுகளை விட்டுவிட்டு வழிமுறையைப் பற்றியே கேள்விகள் பறந்தன. மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் பல்கலைக்கழக நெறிக்குழுவிடம் முன்கூட்டியே போனீர்களா? போகவில்லை. டோர் சமூகம் ஆராய்ச்சிக்கென்று கட்டுப்பாடுகளைப் பற்றித் தீவிரமாகப் பேசத் தொடங்கியதற்கு இந்தச் சம்பவம் ஒரு முக்கியக் காரணம்.

நல்ல ஆராய்ச்சியும் வளாகங்களிலிருந்துதான் வந்தது. சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் பிலிப் வின்டரும் ஸ்டெஃபான் லின்ட்ஸ்கோகும் பயனர்களை விட்டுவிட்டு எக்ஸிட்களைச் சோதித்தார்கள். தூண்டில் இணைப்புகளை ஒவ்வொரு எக்ஸிட் வழியாகவும் அனுப்பி, யார் நடுவில் கைவைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆயிரத்துச் சொச்சத்தில் 25 எக்ஸிட்கள் பிடிபட்டன. 2014 தொடக்கத்தில் அந்த அறிக்கை வெளியானது, அவை நெட்வொர்க்கிலிருந்து விலக்கப்பட்டன.

2014 மோசமான ஆண்டு. ஜூலை தொடக்கத்தில் ஜெர்மனியின் என்.டி.ஆர்., டபிள்யு.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனங்கள் அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.யின் எக்ஸ்கீஸ்கோர் கண்காணிப்புக் கருவியின் விதிகளை வெளியிட்டன. டோரின் பட்டியல் சர்வர்களோடு தொடர்புகொள்கிறவர்களைக் குறித்துவைக்கச் சொல்லும் விதிகள் அவை. அந்த முகவரிகளில் எம்.ஐ.டி.யில் இருந்த கணினி ஒன்றும் இருந்தது. ‘கபெல்மோ’ என்ற ஜெர்மன் சர்வரும் இருந்தது. பாம்பெர்க் நகரின் சந்தைத் தெருவில் சூலம் ஏந்தி நிற்கும் நெப்டியூன் சிலைக்கு ஊர்மக்கள் வைத்த செல்லப்பெயர் அது. அதை நடத்தியவர் செபாஸ்டியன் ஹான் என்ற எர்லாங்கன் பல்கலைக்கழக மாணவர். தன் சர்வரின் முகவரி ஒரு வல்லரசின் உளவு விதியில் எழுதப்பட்டிருப்பதை ஒரு மாணவர் பத்திரிகையாளர்களிடமிருந்து தெரிந்துகொண்டார். அந்தச் செப்டம்பரில் கபெல்மோ புதிய முகவரிக்கு மாறியது. எர்லாங்கன்-நூரம்பெர்க் பல்கலைக்கழகத்தின் வரிசையில் உள்ள முகவரி அது.

அதே ஜூலையில் அமெரிக்காவில் வேறொரு வளாகத்தின் கதை அவிழத் தொடங்கியது. பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் இயங்குவது. அதன் ஆய்வாளர்கள் இருவர், லாஸ் வேகஸில் ஆகஸ்டில் நடக்கவிருந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ஓர் உரை அறிவித்திருந்தார்கள். டோர் பயனர்களை அடையாளம் காண என்.எஸ்.ஏ. தேவையில்லை, 3,000 டாலருக்குக் குறைவான செலவே போதும் என்பது அதன் சாரம். ஜூலை மாதம் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் உரையை விலக்கிக்கொண்டார்கள்.

டோர் குழு தன் நெட்வொர்க்கைத் துருவிப் பார்த்தது. ஜூலை 30-ல் அறிவிப்பு வெளியிட்டது. ஜனவரி 30 அன்று கூட்டமாக வந்து சேர்ந்த 115 சர்வர்கள், நுழைவுச் சர்வர்களின் மொத்தத் திறனில் 6.4 சதவீதம் வரை பிடித்துக்கொண்டு, ஜூலை 4-ல் விரட்டப்படும்வரை உள்ளே இருந்திருக்கின்றன. பாதையின் ஒரு முனையில் போக்குவரத்தில் ரகசியக் குறி போட்டு, மறுமுனையில் அதைப் படிப்பது அவற்றின் வேலை. குறியை இரு முனையிலும் கண்டால் மூன்று உறைகளும் வீண். ஐந்து மாதங்களில் எத்தனை பேர் இப்படிக் குறியிடப்பட்டார்கள்? அவர்களில் குற்றவாளிகள் இருந்திருப்பார்கள். அதே சர்வர்கள் வழியே போன நிருபர்களும் நோயாளிகளும் ஓடி ஒளிந்த பெண்களும் இருந்திருப்பார்கள். குறி ஆள் பார்த்துப் போடப்படவில்லை.

நவம்பரில், டோருக்குள் ஒளிந்து இயங்கிய ‘சில்க் ரோடு 2.0’ என்ற போதைச் சந்தையும் வேறு பல தளங்களும் மூடப்பட்டன. ஓராண்டு கழித்து, 2015 நவம்பரில், எஃப்.பி.ஐ. கார்னகி மெலனுக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் கொடுத்து அந்த 115 சர்வர் தாக்குதலைச் செய்ய வைத்தது என்று டோர் குழு வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. பல்கலைக்கழகம் ஒரு வாரம் பொறுத்து ஒரு சிற்றறிக்கை விட்டது. ஆய்வுத் தகவல் கேட்டு அவ்வப்போது நீதிமன்ற ஆணைகள் வருவதுண்டு, சட்டப்படி தருகிறோம், அதற்குப் பணம் வாங்குவதில்லை என்றது. 115 சர்வர்கள் யாருடையவை என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. டோர் பயனர்களிடம் ஒரு பல்கலைக்கழகம் பேச வேண்டிய மொழி அதுவல்ல என்றே நான் நினைக்கிறேன். டிரெஸ்டன் குழு மௌனமாக இருந்தபோதும் அவர்களுடைய நிரல் பேசியது. இங்கே பேச எதுவும் வெளியே வைக்கப்படவில்லை.

உண்மை 2016 பிப்ரவரியில் சியாட்டில் நீதிமன்றத்தில் வெளிவந்தது. சில்க் ரோடு 2.0 வழக்கில் கைதான ஒருவர், தன் முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தார். நீதிபதி ரிச்சர்ட் ஜோன்ஸ் தன் உத்தரவில் எழுதினார்: அந்த முகவரியைக் கண்டுபிடித்தது கார்னகி மெலனின் மென்பொருள் பொறியியல் நிறுவனம், ஆய்வுக்குப் பணம் தந்தது பாதுகாப்புத் துறை, புலனாய்வு அதிகாரிகள் அதை நீதிமன்ற ஆணையின் மூலம் வாங்கிக்கொண்டார்கள். டோரைப் பயன்படுத்துகிறவருக்கும் தன் இணைய முகவரி ரகசியமாக இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை என்பதையும் அந்த உத்தரவிலேயே சேர்த்தார்.

2023-ல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன், பல்கலைக்கழகங்கள் டோர் சர்வர் நடத்த முன்வர வேண்டும் என்று தனியாக ஓர் இயக்கம் தொடங்கியது. அந்த இயக்கத்துக்கு வருவதற்கு முன் 2015-க்கு இன்னொரு முறை போக வேண்டியிருக்கிறது. கார்னகி மெலன் விவகாரம் புகைந்துகொண்டிருந்த அதே கோடையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லெபனான் என்ற சிற்றூரில் ஒரு பொது நூலகம் தன் கணினியில் டோர் சர்வரை நிறுவியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடமிருந்து கிளம்பிய ஒரு மின்னஞ்சல் உள்ளூர்ப் போலீஸுக்கு வந்தது. சர்வர் அணைக்கப்பட்டது. செப்டம்பர் 15 மாலை நூலகக் குழு கூடியபோது ஊர்மக்கள் அங்கே வந்து பேசியவை அடுத்த வாரம்.

(தொடரும்)